முப்பத்தாறு வீதம்

இன்று ஐந்தாம் தவணை.
நீதிமன்ற வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ விட்டுப்போன பிராதின் ஓரத்தைச்
சப்பிக்கொண்டு நிற்கிறது.
திருகோணமலையில் இதை ஒருவரும் கலைப்பதில்லை.
முத்திரை ஒட்டிய இடம் வரைக்கும் வந்துவிட்டது.

குலவீரசிங்கம் ஐயா நேற்றே சொன்னார்:
"வோக்கரோடு வாங்கோ பிள்ளை,
ஊன்றுகோல் காணாது."

ஊன்றுகோலுக்கு மாறி மூன்று கிழமை.
உப்புவெளிக்குப் போகும் வீதியோரம்
விடியப்புறங்களில்
மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம்,
அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.
அதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு
வோக்கரை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆனி மாதம் போட்டார்கள் ஊசி,
சளிக்காய்ச்சலுக்கு, தாதிமார் எல்லாருக்கும்.
எனக்குப் போட்டவள் ரிஸ்மியா.
"நோகுதாடி?"
"நீ போட்டால் எங்கே நோகும்."
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம்.

பதினோராம் நாள்
செருப்புக் கழன்றது எனக்குத் தெரியவில்லை.
ஒற்றைக் காலில் செருப்போடு
அரை வார்ட்டு நடந்திருக்கிறேன்.
நோயாளி ஒருவர்தான் காட்டினார்.
பதின்மூன்றாம் நாள் படி ஏறவில்லை.
பதினைந்தாம் நாள்
நான் விரிப்பு மாற்றிய கட்டிலில் நானே.
என் தலையைக் கழுவிப் பின்னிவிட்டதும்
ரிஸ்மியாதான்.

கண்டி நரம்பு வைத்தியர் எழுதித் தந்தார்:
கில்லன் பாரே.
உடம்பின் காவற்காரர் ஆள் தெரியாமல்
நரம்பின் உறையை உரித்துவிடுவார்களாம்.
"ஊசியாலா, டொக்டர்?"
"இருக்கலாம். பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு.
முதற்கிழமை வயிற்றோட்டம் என்றீர்களே,
அதாலும் வரலாம்."
கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.
அந்த "இருக்கலாம்" இப்போது
எங்கள் பக்கத்தின் முதலாம் ஆவணம்.
அந்த "வரலாம்" அவர்களுடையது.

நட்டஈட்டுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது.
கணுக்கால் இவ்வளவு, விரல் இவ்வளவு.
வைத்தியர் குழு என்னைத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து,
முப்பத்தாறு வீதம் என்று கையெழுத்து வைத்தது.
வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும்
இன்னும் ஒன்றையொன்று தொடுவதில்லை.
குழந்தையின் நாளம் தேடிப் பிடித்த விரல்கள்.
அதற்கு அட்டவணையில் நிரை இல்லை.

போன தவணை எதிர்ச்சட்டத்தரணி கேட்டார்:
"உங்கள் மகனுக்கு மாசியில் தடுப்பூசி போட்டீர்களா?"
"போட்டேன்."
"பயமில்லையா?"
"ஊசியோடு எனக்கு வழக்கில்லை, ஐயா.
ஊருக்குப் போட்டது ஊரைக் காக்கும்.
அதில் விழுந்தவளை யார் தூக்குவது
என்றுதான்..."
"ஆம் அல்லது இல்லை," என்றார் நீதிபதி,
கொஞ்சம் மெதுவாகத்தான்.
"இல்லை," என்றேன்.
தட்டச்சில் அது ஒரு சொல்.

எதிர்வாங்கில் ரிஸ்மியா இருக்கிறாள்,
நிர்வாகத்தின் சாட்சியாக.
பிராது பதிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை.
நீ சரியாகத்தான் போட்டாய் என்று
ஒருதரம் சொல்லிவிடலாம்;
சாட்சியோடு கதைக்கக் கூடாதாம்.

நேற்று இரவு இடக்கால் பெருவிரல் அசைந்தது.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன். திரும்பவும் அசைந்தது.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
முப்பத்தைந்து ஆகிவிட்டால்
பள்ளிக்கூட வான் காசு, கண்டிக்குப் பஸ்,
மசாஜ்காரிக்குக் கொடுக்க வேண்டியது...
எட்டு மாதம் கேட்டழுத விரலை
வாங்குக்கு அடியில் ஒளித்துவைத்தபடி இருக்கிறேன்.

அது சொல்வழி கேட்கவில்லை.
மின்விசிறிக் காற்றில் தானாக ஒருமுறை துடித்தது;
செருப்பு நழுவிச் சீமெந்தில் விழுந்தது.
நிமிர்ந்தால்
ரிஸ்மியா என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
வார்ட்டில் பார்க்கும் அதே பார்வை.
அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெயரைக் கூப்பிட்டார்கள்.
எழுந்து வந்தவள் என் முன்னால் குனிந்து
செருப்பை மாட்டிவிட்டு,
ஒன்றும் சொல்லாமல்
கூண்டை நோக்கிப் போனாள்.

அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன.
எனக்கு அது தெரிந்தது.
குலவீரசிங்கம் ஐயாவிடம்
இன்னும் சொல்லவில்லை.