உண்மை நகல்

ஃபீனிக்ஸ் காவல் நிலையம், சனிக்கிழமை, காலை ஒன்பது.
எனக்கு முன்னால்
திருட்டுப்போன கைப்பேசி ஒன்று,
உடைந்த மூக்கு ஒன்று,
எதுவும் சொல்லாமல் அழுகிற ஒரு பெண்.
நான் பட்டங்களின் நகல்களோடு நிற்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முந்திய முத்திரை செல்லாதாம்.
பட்டம் பழசானால் பரவாயில்லை.
அது உண்மை என்பதுதான்
கெட்டுப்போகிறது, பால் மாதிரி.

பதினேழு பேராசிரியர்களுக்கு எழுதினேன்,
மருந்துக்கடைக் கல்லாவில் ஆளில்லாத நேரங்களில்.
பிரிட்டோரியா சொன்னது: இடமிருக்கிறது, பணமில்லை.
கேப் டவுன் சொன்னது: பணமிருக்கிறது,
ஆனால் நண்டுக்கு இல்லை.
கடற்புல்லுக்கு மாறிக்கொள்வீர்களா?
ஒருவர் விடுப்பில் இருக்கிறார், ஜனவரி வரை.
இது மார்ச்.
முழு நிதியுதவி என்ற இடத்தில்
ஒரு குட்டி நட்சத்திரம் இருந்தது.
பக்கத்தின் அடியில் போய்த் தேடினேன்:
சாப்பாடு, அறை, பயணம் நீங்கலாக.

மாட்டேன் என்று எழுதிவிட்டதாகச் சொல்ல ஆசைதான்.
ஒரு ராத்திரி முழுக்கக் கடற்புல் படித்தேன்.
அழகாகவே இருக்கிறது.
மறுநாள் உம்கேனி முகத்துவாரம் போனேன்.
வெள்ளம் கொண்டுவந்த சேறு இன்னும் முழங்கால் மட்டம்,
அலையாத்தி வேர்களில் யாருடைய வீட்டுத் திரைச்சீலையோ.
அந்தச் சேற்றில் புதிதாய் வளைகள்.
பேனாவை உள்ளே விட்டு ஆழம் பார்த்தேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆறே போட்டுவிட்டுப் போனதை
யார் அளப்பது?
அதற்கு மாதம் பன்னிரண்டாயிரம் ராண்ட் கேட்கிறேன்,
இரண்டு வருடத்துக்கு.
வயது வரம்பு முப்பத்திரண்டு.
எனக்கு முப்பத்தொன்று, பத்து மாதம்.

‘உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?
ஐந்நூறு சொற்களுக்குள்.’
நானூற்றுத் தொண்ணூறாவது சொல்லில் மின்சாரம் போனது.
இருட்டில் உட்கார்ந்து
எனக்கே கேட்டுக்கொண்டேன், ஏன்?
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் உறுமியது.

பிறகு இந்தப் பெயர்.
அடையாள அட்டையில் மூன்சாமி,
பள்ளிச் சான்றிதழில் முன்சாமி,
பட்டத்தில் மட்டும் எப்படியோ முனிசாமி.
மூன்று பேரும் கோமளேஷ்னி என்ற ஒருத்தியே என்று
சத்தியம் செய்து கையெழுத்திட வந்திருக்கிறேன்.
பொய் சொன்னால் சிறை என்று
அச்சிட்டிருக்கிறது.
பேனா ஒரு நொடி தயங்கியது,
எந்தக் கையெழுத்துப் போட?

கான்ஸ்டபிள் ஷேசி
மூலத்தையும் நகலையும் மாறிமாறிப் பார்த்தார்.
“படிப்பதற்குச் சம்பளமா?”
“கிடைத்தால்.”
“நண்டுக்கா?”
“நண்டுக்குத்தான்.”
சிரிப்பார் என்று நினைத்தேன்.
மேசை இழுப்பறையைத் திறந்தார்,
நாலாய் மடித்த ஒரு தாள்:
குற்றவியல், முதுகலை, கடைசி நாள் முப்பது.
தன் நகலில் தானே முத்திரை குத்தக் கூடாதாம்.
விடுப்பு நாளில் வெருலம் போய்
வரிசையில் நிற்க வேண்டும், என்றார்.

பதினோரு தாள்.
ஒவ்வொன்றிலும் தேதி எழுதி,
ஒவ்வொன்றையும் ஓங்கிக் குத்தினார்.
மூக்கு உடைந்தவன் திரும்பிப் பார்த்தான்.

வெளியே வந்து
ஊதா மை காய வெயிலில் பிடித்தேன்.
டவுன், டவுன் என்று கூவிக்கொண்டு
டாக்ஸி ஒன்று மெதுவாய்ப் போனது.
கை காட்ட முடியவில்லை,
இரண்டு கையிலும் நான்.