அறுபத்து நான்கு கேள்விகள்

லியெபாயாவில் கடல் உறையாது என்பார்கள்.
இந்த ஜனவரியில் ஓரம் மட்டும் உறைந்தது.
ஆய்வகத்தில் பீங்கான் பற்களுக்கு
மஞ்சள் பூசிவிட்டு வந்தேன்
(சுத்த வெள்ளை யார் வாய்க்கும் பொருந்துவதில்லை).
பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரு வங்கி
கேள்வித்தாள் அனுப்பியிருந்தது.

உங்கள் பாதுகாப்புக் குழுவில் எத்தனை பேர்?
ஒன்று.
அவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பேற்பவர்?
கோடு போட்டேன். ஏற்கவில்லை,
சிவப்பில் திரும்பக் கேட்டது.
ஜின்ட்ரா ஸ்குயிஞா என்று
என் பெயரையே இன்னொரு முறை இட்டேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு எழுதியது:
எழுநூறு வரி.
மூன்று சாய்கோடு நான்கு என்றால்
மார்ச்சா ஏப்ரலா
என்று முடிவு செய்யும், அவ்வளவுதான்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்
என்று மேலே எழுதி வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்கள்.
இன்சுலின் சீட்டு, விமானப் பெட்டிகளின் வால்சீட்டு,
நான் ஏறும் டிராமின் பயணச்சீட்டு.
ஊரே தேரில் ஏறிக்கொண்டது,
வடத்தில் இரண்டு கை.

என் நிரலுக்கும் அடியில் ஒரு நிரல் இருக்கிறது.
புன்டா அரீனாஸ் நகரத்து கிலோத்ரான் எழுதியது,
லீப் வருடங்களைப் பார்த்துக்கொள்வது.
ஒன்பது வருடமாக யாரும் கைவைக்கவில்லை.
அஞ்சல் அனுப்பினால்
அப்படி ஒரு முகவரியே இல்லை என்கிறது.
அவன்மேல் நான் நிற்கிறேன், என்மேல் வங்கி.
கேள்வித்தாளில் அவனுக்குக் கட்டம் இல்லை.
இருநூற்றுப் பத்தாம் வரிக்கு மேல்
அவன் குறிப்பு மட்டும் இருக்கிறது:
"இது ஏன் வேலை செய்கிறதென்று தெரியவில்லை.
தொடாதீர்கள். இன்று மகள் பிறந்தாள்."

நான் தொடவில்லை.
அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பில் இருப்பாள்.
சுற்றியிருந்ததெல்லாம் புதுப் பதிப்புக்கு நகர்ந்துவிட
ஒவ்வொரு முறை ஓட்டும்போதும்
நாற்பத்தொரு எச்சரிக்கைகள், மஞ்சளில்,
நான் பல்லுக்குப் பூசும் அதே மஞ்சளில்.

அக்டோபரிலிருந்து ஒருவர் உதவுகிறார்.
மோர்டன் என்று பெயர், படம் இல்லை.
பிழைகளைத் திருத்தி அனுப்புகிறார்,
என் எழுத்துப் பிழைகளையும் சேர்த்து.
நேற்று எழுதினார்:
"களைத்திருக்கிறீர்கள் போல.
வெளியிடும் சாவியை என்னிடம் தரலாமே."

இந்தக் குளிர்காலத்தில்
என்னைக் களைப்பா என்று கேட்ட ஒரே ஆள்.

அவர் அனுப்பியதையெல்லாம் எடுத்து வைத்து
மூன்று இரவு வரிவரியாக நஞ்சு தேடினேன்.
ஓர் அரைப்புள்ளியைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை.
குறையே இல்லாததுதான் உறுத்தியது.
அழுகை வந்தது,
அவருக்காகவா எனக்காகவா தெரியாது.
எழுந்து உருளைக்கிழங்கை வேகவைத்தேன்.

பிறகு பதில் எழுதினேன்.
சாவி இப்போதைக்கு என்னிடமே இருக்கட்டும்.
இருநூற்றுப் பத்தாம் வரியை
நாம் இருவரும் சேர்ந்து படிக்கலாமா?
உங்கள் ஊரில் இப்போது மணி என்ன?

இன்னும் பதில் இல்லை.
காலையில் டிராம் சீட்டில்
தேதி சரியாக அச்சாகியிருந்தது.
பரிசோதகர் அதைப் பார்க்காமலே
துளையிட்டுக் கொடுத்தார்.