ஈர விறகின் நான்காவது ஆல்பம்

நள்ளிரவில் வெளியாகிறது என்றார்கள்.
அந்நேரம் நான் நாற்பத்தொன்றாம் நெடுஞ்சாலையில்
ஹாட்டனுக்கு வடக்கே
பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓட்டுவது நான்.
பக்கச் சிறகை ஏற்றி இறக்குவது வெய்க்கோ.
ஏழு குளிர்காலமாக ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறோம்.
இங்கெரி பாடினால்
"ஆட்டுக்குச் சளி பிடித்துவிட்டது" என்பான்.

ஈர விறகு. குழுவின் பெயரே சொல்லிவிடும்.
எரியாது, புகையும், கண்ணைக் கரிக்கும்,
குனிந்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.
பதினோரு வருடம் ஊதினேன்.
மதுக்கடையின் பின்னறையில்
இருபத்துமூன்று பேரில் ஒருத்தியாக நின்று,
டெல்மரின் வயலின் வில்லிலிருந்து அறுந்து விழுந்த குதிரைமுடியைச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் பாட்டு.
பாஞ்சோ இல்லை.
குளிர்பெட்டி ஓடுவது போல் ஒரு முனகல்,
அதன்மேல் எண்ணி எண்ணி விழும் இயந்திரத் தாளம்.
இங்கெரியின் குரலை எதிலோ முக்கி எடுத்திருக்கிறார்கள்.
மூன்று இங்கெரிகள்.
மூவருக்கும் சளி இல்லை.

இரண்டாவது. மூன்றாவது.
உப்புத் தூவும் பொத்தானைத் தேவைக்கு மேல் அழுத்தினேன்.
கலுமெட் வரைக்கும் சாலை ஊறுகாய் ஆகியிருக்கும்.

வெய்க்கோவின் கால் தட்டிக்கொண்டிருந்தது.
"யார் இவர்கள்?"
சொன்னேன்.
"அடேயப்பா, தேறிவிட்டார்களே!"

தேறிவிட்டார்களாம்.
பதினோரு வருடமாக நான் போய்ப் போய்ப் பார்த்து வந்தது
நோயாளிகளையா?

யாருடைய தபால்பெட்டியையோ சாய்த்துவிட்டேன்.
அதற்குப் படிவம் உண்டு, மூன்று பிரதி.

ஆறாவது பாட்டின் நடுவில்
எல்லாம் நின்றது.
எட்டு எண்ணும் நேரம்.
பழைய பாட்டுகளில் டெல்மர் நுழைகிற இடம் அது,
தொண்டையைச் செருமுவது போல் இரண்டு இழுப்பு,
பிறகு ஏறுவான்.
போன வசந்தத்தில் குழுவைவிட்டுப் போனான்.
ஏன் என்று கேட்டால்
இங்கெரி வானிலையைப் பற்றிப் பேசுகிறாளாம்.

பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போல
என் காது அங்கே போனது.
பனி பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது.
துடைப்பான் போய் வந்தது, போய் வந்தது.
ஐந்து. ஆறு. ஏழு.

"ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது" என்று
ஒலிபெருக்கியைத் தட்டினான் வெய்க்கோ.

தாளம் திரும்பி வந்தது.
அவன் காலும்.
தான் சரிசெய்ததாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஏரிக்கரைத் திருப்பத்தில்
சிறகைத் தூக்கச் சொன்னேன், தூக்கினான்.
"முதலிலிருந்து போடு" என்றான்.
போட்டேன்.

இந்தமுறை அந்த மூன்றாவது பாட்டு
அவ்வளவு மோசமில்லை.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.
உப்பை மட்டும் குறைத்தேன்.