பிரிவு இரண்டு, வரி பதினான்கு

நாலு மணி நேரம் ஓட்டி வந்தேன்.
பிளாட் ஆற்றங்கரை வயல்களில்
அறுத்த மக்காச்சோளத் தாள்களுக்கிடையே
பெருங்கொக்குகள் இறங்கத் தொடங்கிவிட்டன.
யாரையும் கேட்காமல்
சிந்திய மணியைப் பொறுக்குகின்றன.

லிங்கனில், சட்டமன்றத்து நடைவழியில்
ஒரு தாள் நீட்டினார்கள்.
ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை.
கையுறையைக் கழற்றாமலே
முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.

மசோதா சின்னதுதான், ஒன்றரைப் பக்கம்.
'வீடு' என்றிருந்த இடத்தில்
'வீடும், வேலி முடியும்வரை விளைநிலமும்'
என்று செருகியிருக்கிறார்கள்.
செருகிய சொற்களுக்கு அடியில் கோடு.
அகம் என்பது வீடாக இருந்தது,
இனிமேல் புறமும் அகம்.
என் படுக்கையறைச் சுவர்
கால்நடையாக ஒரு மைல் போய்
ஸ்ட்ரோபலின் மாட்டுப்பட்டி ஓரம் நின்றுகொள்ளும்.
அதற்குள் கால் வைக்கிற எவனும்
என் கட்டில் பக்கத்தில் நிற்பவன்.

ஸ்ட்ரோபல் எனக்கு முன்னால் பேசினார்,
தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.
டீசல் போனது, கன்று போனது,
ஷெரிஃப் வந்து சேர ஐம்பது நிமிடம்.
"கம்பிக்காக ஓர் உயிரா?" என்றார் ஒரு செனட்டர்.
"அந்தக் கம்பி அறுந்தா, ஜூலையில
நாலே நாள்ல நூத்து முப்பது ஏக்கர் கருகும்.
அதுக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்க, ஐயா?"
ஒருவர் தண்ணீர் குடித்தார்.
பிறகு ஒரு வழக்கறிஞர் வந்து
'நியாயமான அச்சம்' என்று ஏழு முறை சொன்னார்.
எண்ணினேன். வேறு வேலையில்லை.

என் முறை.
பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள்.
மிலாடா வோண்ட்ரா.
பச்சை விளக்கு எரிந்தது, மூன்று நிமிடம்.
இரண்டு கோடையில் மூன்று தடவை
பாசன எந்திரத்தின் செம்பை உருவிக்கொண்டு போனதை,
காப்பீட்டுக்காரன் கைவிரித்ததை
ரசீதோடு சொன்னேன்.

மஞ்சள் விளக்கு.
சொல்லாமல் விட்டது ஆகஸ்ட்.

ஆளை மூழ்கடிக்கும் சோளம்.
அதற்குள் ஒரு வெளிச்சம் நடந்து வந்தது.
துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் குளிர்ந்தது.
விரல் எங்கே இருந்தது என்று
இன்றைக்கும் என் விரலுக்குத் தெரியும்.
வேலியே பயிரை மேயும் என்பார்கள்.
அன்றிரவு நான்தான் வேலி,
வாய் திறந்திருந்தது.

நாய் எனக்கு முன்னே ஓடியது.
குரைக்கவில்லை,
வாலை ஆட்டியது.

அந்த வால்தான். சட்டம் நினைவுக்கு வரவில்லை,
கடவுளும் வரவில்லை.

பதினாறு வயதிருக்கும். எடில்சர் என்று பெயர்.
கார் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம்.
அம்மாவுக்கு லெக்சிங்டன் இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
போனில் நாலு சதவீதம்.
முகமெல்லாம் சோள இலை கிழித்த கோடுகள்.
சமையலறையில் நின்றபடியே
மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தான்.
"உங்க நாய் ரொம்ப நல்ல நாய்" என்றான்.
கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்ததை
அவன் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.
பார்த்துத்தான் அப்படிச் சொன்னானோ.

சிவப்பு.
"கேள்விகள் உண்டா? இல்லை. நன்றி அம்மா,
ஆதரவாகப் பதிந்துகொள்கிறோம்."
வெளியே வந்து, தாளைத் திருத்தலாமா என்றேன்.
அந்தப் பெண் கனிவாகத்தான் சிரித்தாள்.
அடுத்த மசோதா தொடங்கிவிட்டது,
பள்ளிப் பேருந்துகளைப் பற்றி.

வீடு சேர்வதற்குள் இருட்டிவிட்டது.
டிரக் விளக்கு பட்ட இடத்தில்
பாசன எந்திரத்தின் பெட்டிக் கதவு
திறந்து தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.
பனியில் இரண்டு ஜோடி பூட்ஸ் தடம்,
ஒரு ஜோடி சின்னது.
நாய் மோந்துகொண்டே வேலிவரை போய்
நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது.

திட்டினேன், தொண்டை கிழிய.
யாரை என்று கேட்காதீர்கள்.
கொக்குகள் எங்கோ இருட்டில் சலசலத்து அடங்கின.
உள்ளே போய்
நாய்க்குத் தீனி வைத்தேன்,
எப்போதும் வைப்பதைவிட ஒரு கை கூட.