கொசுறு

கால் கிலோ கத்தரிக்காய்க்கு
ஒரு கொத்து கறிவேப்பிலை.
அரைக் கிலோ தக்காளிக்கு
நாலு பச்சை மிளகாய், விரல் நீளம் இஞ்சி.
கேட்காமலே போடுவேன்.
திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில்
என் தராசு எப்போதும்
வாங்குகிறவர் பக்கம்தான் சாயும்.
"நீ விக்கிறியா, தானம் பண்றியா?"
அண்ணன் திட்டுவான்.

இந்தக் கையிடம்தான்
மருந்தை அளக்கச் சொன்னார்கள்.

முன்கதை சின்னது.
தாடையெல்லாம் பரு.
மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமல் கொடுத்த
வெள்ளை க்ரீம்.
மூன்றே நாளில் முகம் வழுவழு.
எதிர்ப் பூக்கடை அஞ்சலாட்சி கேட்டாள்,
"என்னடி, பொண்ணு பாக்க வராங்களா?"
மூன்றாம் மாதம்
கன்னம், மிளகாய் அரைத்த அம்மி.
போடாவிட்டால் எரிந்தது.
போட்டால்
இன்னும் போடு என்றது.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
டோக்கன் அறுபத்தேழு.
மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட முகத்தோடு
டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் படித்தார்.
"ஸ்டீராய்டு. இதை இனிமே தொடாதீங்க."
எரிச்சல் அடங்க ஒன்று கொடுத்தார்.
அடங்கிய பிறகு
புது மருந்து எழுதினார்.
"ராத்திரி மட்டும். முகம் கழுவி,
ஈரம் நல்லா காஞ்சப்புறம்.
முகம் முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவு."

"பச்சைப் பட்டாணியா மேடம்,
காஞ்ச பட்டாணியா?"

நிமிர்ந்து பார்த்தார்.
கேலி இல்லை. இரண்டும் விற்கிறேன்.
ஒரே தோலுக்குள் ஏழு இருந்தால்
ஏழும் ஏழு அளவு.
"காஞ்சதே வெச்சுக்கோங்க" என்றார்,
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்திருப்பார்.

மூட்டையிலிருந்து ஒரு பட்டாணி எடுத்து
ஜன்னலோரம் வைத்தேன்.
அதன் பக்கத்தில் பிதுக்கினேன்.
இவ்வளவு பெரிய முகத்துக்கு
இவ்வளவுதானா?
பழக்கதோஷம்,
கை இன்னொன்றைச் சேர்த்துப் போட்டது.

நாலாம் நாள் வாயோரம்
வெங்காயச் சருகு.
ரசம் பட்டால் உயிர் போனது.
"அதிகமா போட்டா சீக்கிரம் ஆறாது,
சீக்கிரம் உரியும்."
ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றினார்.
கண், மூக்கோரம், உதடு பக்கம் போகக் கூடாது.
மேலே ஈரம் காக்கும் களிம்பு.
காலையில் வெயிலுக்கு ஒன்று.
முதல் மாதம் பரு கூடினால்
பயந்து நிறுத்த வேண்டாம்.

தார்ப்பாயை இரண்டடி முன்னால் இழுத்துக் கட்டினேன்.
வெண்டைக்காய்க்கு நிழல் வேண்டும் என்று
அண்ணனிடம் சொன்னேன்.

ஐந்தாம் வாரம் அஞ்சலாட்சி வந்தாள்.
"அந்த மருந்துல ஒரு விரல் குடேன்,
என் மூஞ்சியப் பாரு."
பார்த்தேன். நெற்றி நிறைய.
"தர மாட்டேன்."

பூசணியை அறுத்துக்கொண்டிருந்த அண்ணன்
கத்தியை நிறுத்தித் திரும்பினான்.
நான் ஒன்றை இல்லை என்று சொல்லி
மார்க்கெட் கேட்டதில்லை.

நாள் தள்ளிப் போயிருக்கா என்று
கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுதினார்கள்.
அவளுக்கு மூன்றாம் மாதம்.
அவள் புருஷனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
அத்தனை காதுகளுக்கு நடுவில்
எதைச் சொல்ல?

நாலு நாள்
முதுகைக் காட்டியே பூக்கட்டினாள்.
ஐந்தாம் நாள், சாக்கு மூடும் நேரம்,
போய் அவள் காதில் சொன்னேன்.
"அந்தம்மாகிட்டயே வா, உனக்கு ஆகறது வேற தருவாங்க."
கொஞ்ச நேரம் நாரையே பார்த்தாள்.
"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுதான?"
பையை நீட்டினாள்.
"கறிவேப்பில போடு."
இரண்டு கை போட்டேன்.

பன்னிரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார்கள்.
ஏழு முடிந்தது.
இடது தாடையில் இன்னும் மூன்று.
தலையணை உறை நீலத்தில்
அங்கங்கே வெள்ளை.
மருந்து நிறத்தையும் தின்னுமாம்.

நேற்று ஜன்னலோரப் பட்டாணியைக் காணோம்.
எலியாக இருக்கும்.
பிதுக்கிப் பார்த்தேன்,
சரியாகத்தான் வந்தது.