இங்கே பெருக்கியது யார்

கதவில் தொங்கும் அட்டை:
‘பகலில் உறக்கம். தட்ட வேண்டாம்.’
வானியலாளர்கள் ஆந்தைக் கூட்டம்.
நான் எதெல்மிரா கோல்கே, தோக்கொனாவோ ஊர்க்காரி,
ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு.
மற்ற பதிமூன்று அறைகளை முடித்துவிட்டு
பதினான்காம் அறைக்காரி எழும்வரை
விளக்குமாற்றின்மேல் தாடையை ஊன்றி நிற்பேன்.

அத்தகாமாவில் மழை ஒரு வதந்தி.
போர்வையை உதறினால் பொறி பறக்கும்,
சீப்பெடுத்தால் முடி எழுந்து நிற்கும்,
காற்றில் அவ்வளவு வறட்சி.
கட்டிலுக்கடியில் தூசு
தானே உருண்டு திரளும்,
யாரும் பிடித்துவைக்காத கொழுக்கட்டை.

அன்று வெளியே இழுத்தது
கோழிமுட்டை அளவு.
பின்லாந்துக்காரி தூலிக்கி, தலை கலைந்து,
ஒற்றைக் காலுறையோடு குனிந்து பார்த்தாள்.
‘பத்து வருஷமாய் இதைத்தான் கணக்குப் போடுகிறேன்.’
அவளும் பெருக்குகிறவள்தான்,
எண்களை.

உடைந்த ஸ்பானிஷில் சொன்னாள்:
உறைகுளிரில் கிடக்கும் கரிய மேகம் ஒன்று
தன் பாரம் தாங்காமல் உள்ளே சரியுமாம்.
சரியச் சரியச் சுழலுமாம்.
நடுவில் சூடேறி ஒரு நட்சத்திரம்.
உள்ளே விழாமல் தப்பியது சுற்றிலும் தட்டாய்ப் பரந்து,
திரிகைக் கல்லைச் சுற்றிச் சிந்திய மாவு மாதிரி.
அந்தத் தட்டில் தூசு தூசோடு ஒட்டும்,
சோளக் குருணை அளவுவரை.
அதற்குமேல்தான் தகராறு.
மோதினால் தெறிக்கிறது.
தெறிக்காதது நட்சத்திரத்தின் வாய்க்குள் வழுக்கிப் போகிறது.
பிறகு எப்படி மலை வந்தது,
எப்படி லிக்கன்காபூர் வந்தது, நாம் வந்தோம்?
கணக்கு அங்கே நின்றுவிட்டது.

எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுகிற மண்தானே ஒட்டும்.
உருண்டையைப் பிய்த்துக் காட்டினேன்:
நடுவில் அவளுடைய மஞ்சள் முடி ஒன்று,
போர்வை நூல் இரண்டு.
‘நார் இல்லாமல் உருளாது, சென்யோரா.’
அவள் சிரிக்கவில்லை.
‘அங்கே முடி கிடையாது. பனிக்கட்டி இருக்கிறது.’
‘அப்படியென்றால் ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும்.’

மடிக்கணினியைத் திறந்தாள்.
மேலே, ஐயாயிரம் மீட்டரில்,
என் கணவன் ருப்பெர்த்தோ இருபத்தெட்டுச் சக்கர வண்டியில்
ஆள் நடக்கிற வேகத்தில் இடம் மாற்றிவைக்கும் வெள்ளைத் தட்டுகள்
எல்லாமாய்ச் சேர்ந்து பார்த்த படம்.
தொப்புள் ஈரம் காயாத நட்சத்திரம்,
பத்து லட்சம் வயதுதான்.
சுற்றிலும் செம்மஞ்சள் வளையங்கள்.
வளையங்களுக்கு நடுவே கறுப்புத் தடம்,
ஒரே அகலமாய், சுத்தமாய்.
வாய் தவறிக் கேட்டேன்:
‘இங்கே பெருக்கியது யார்?’

தூலிக்கி என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.
‘அதுதான் தெரியவில்லை.
ஒரு கோளாக இருக்கலாம். சுற்றும் வழியில்
இருப்பதையெல்லாம் தன்மேல் வாரிக்கொண்டு.’
‘ஆளைப் பார்த்ததுண்டா?’
‘இல்லை. பெருக்கிய இடத்தைத்தான்.’

இந்த விடுதியில்
என்னையும் அப்படித்தான் அறிவார்கள்.

ஏழாம் நாள் இரவு, பேருந்து சான் பெத்ரோவைத் தாண்டியதும்
ஜன்னல் நிறையப் பால்வீதி.
எங்கள் பக்கம் இருட்டுக்கும் பெயர் உண்டு:
நீள்கழுத்துக் கரிய லாமா, காலடியில் குட்டி.
வெளிச்சம் கிடைக்காமல் போன இடம் என்றே இருந்தேன்.
அன்று அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு போனேன்,
நாள் நெருங்கிய சினையாட்டைப் பார்ப்பதுபோல்.

என் முறை முடிகிற அன்று ருப்பெர்த்தோவின் முறை தொடங்கும்.
எதிரே வந்த பேருந்தில் இருந்திருப்பான்,
தூங்கிக்கொண்டு.
வீட்டுக் கதவைத் திறந்தால்
வாசலோரம் ஏறிக் கிடக்கிறது மணல்,
அதில் ஒரே ஒரு காலணித் தடம்.

துடைப்பத்தை எடுத்தேன்.
தடத்தைச் சுற்றிப் பெருக்கினேன்.