பதினோரு வரி

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
தகரக் கேபினில் நான் டைம்கீப்பர்.
ஏ.சி. நின்றால் விசைப்பலகையில் வியர்வை சொட்டும்.
அப்படிச் சொட்டிய ஒரு மதியம்
ஓவர்டைம் காசு வராத ஆட்களை
வரிக்கு ஒருவராய் அடித்தேன்:

பலவேசம்
தாவூது கனி
மரிய சூசை
குருபாதம்
இசக்கிப்பாண்டி

இப்படிப் பதினோரு பேர்.
விடியலில் பஸ்ஸுக்கு நிற்கும் அதே வரிசை.
கடைசிப் பெயருக்குக் கீழே
மூன்று வரி வெறுமனே விட்டேன்.
கோபத்தை எழுத எனக்கு அனுமதியில்லை,
இடம் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

எந்தெந்த வாசலில் நுழைந்து போனதோ,
ருவியில் சம்பளப் பிரிவு மெல்வின் திறந்தபோது
அது ஒரே பத்தி.
உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பாம்:
"தேவையற்ற வரி முறிவுகள் நீக்கப்பட்டன."

நாலாம் நாள் பதில் வந்தது.
"நீண்ட பெயருடைய இந்த ஊழியருக்கு
நாற்பத்திரண்டு மணி நேரம் அனுமதிக்கப்படுகிறது.
இதில் குடும்பப் பெயர் எது எனத் தெரிவிக்கவும்."

வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள்.
"இருபத்திரண்டு கை இருக்குல்ல எனக்கு,
அதான் இவ்வளவு வேலை வாங்குறான்"
என்றார் தாவூது கனி.
பலவேசம் சிரிக்கவில்லை.
"நீங்க அனுப்பினதே இப்படித்தானா சார்?"

அனுப்பியவை பெட்டியைத் திறந்தேன்.
பதினோரு வரியும் நின்றன.
கீழே என் வெற்று வரிகள் மூன்றும்.
இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும்
ஒரே மடல், ஒரே தேதி, ஒரே நிமிடம்.

பதிலின் அடியில்
என் மடலும் திரும்பி வந்திருந்தது,
இடப்பக்கம் அம்புக்குறி குத்திக்கொண்டு,
எழுபதாம் எழுத்துக்குள் ஒடிந்து:
மரிய என்று ஒரு வரி
சூசை என்று அடுத்தது.
"அப்போ எனக்கு ரெண்டு சம்பளமா?"

மறுபடி அனுப்பினேன்.
பெயருக்கு முன் எண்,
பின் பாஸ்போர்ட் எண், அரைப்புள்ளி.
எங்கே ஒடித்தாலும், எப்படி ஒட்டினாலும்
ஆள் ஆளாகவே இருக்கும்படி.

வெற்று வரியை அனுப்பத்தான்
இன்னும் வழி தெரியவில்லை.
மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி வைத்துப் பார்த்தேன்.
மெல்வின் போனில் கூப்பிட்டான்:
"கீழே மூணு புள்ளி இருக்கே,
யாரையாவது விட்டுட்டீங்களா?"